37 நிமிட ஆல்பத்துக்கு ஒரு பக்கம் எழுதுவது எப்படி

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்தை அனுப்பி, “மாமா, காலேஜ் இதழுக்கு ஒரு ஆல்பத்தைப் பத்தி எழுதியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க” என்றான். வாசித்தேன். ‘மனதை வருடும்’ மூன்று இடத்தில் இருந்தது. ‘ஆத்மார்த்தமான’ இரண்டு இடத்தில். ‘நம்மை வேறொரு உலகத்துக்கே அழைத்துச் செல்கிறது’ ஒரு இடத்தில். ஆல்பத்தின் பெயரை உருவிவிட்டு வேறு எந்தப் பெயரைச் செருகினாலும் அந்தப் பக்கம் அசையாமல் நிற்கும். திண்டுக்கல்லில் 20 வருடமாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம் மூன்றை மட்டும் மாற்றிக் கல்யாணப் பத்திரிகை அடிப்பது எனக்குக் கைவந்த வேலை. அவன் எழுதியிருந்ததும் அந்த ரகம்.

“மாப்ள, இதுல பாட்டு எங்கடா இருக்கு?” என்று கேட்டேன்.

“எல்லாமே பாட்டைப் பத்தித்தானே மாமா.”

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் போனில் பேசினோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன். தானே எழுதி, தானே பாடி, எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் ஆல்பம் போடுகிறவர்கள் இன்று எல்லா மொழியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போஸ்டர் ஒட்ட ஆள் கிடையாது. கேட்டவர்கள் நாலு பேரிடம் சொன்னால்தான் உண்டு. சொல்கிறவர் நாலு வரி உருப்படியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அவன் எடுத்துக்கொண்ட ஆல்பம் ‘ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ’. போன் ஈவேர் என்ற பெயரில் ஜஸ்டின் வெர்னன் என்கிற அமெரிக்கர் செய்தது. ஒன்பது பாட்டு, 37 நிமிடம். 2007 ஜூலையில் அவரே வெளியிட்டார். முதலில் அடித்தது 500 சிடிதான். மறு வருடம் பிப்ரவரியில் ஜாக்ஜாகுவார் என்ற சின்ன கம்பெனி அதை எடுத்துப் பரவலாக வெளியிட்டது. 2012-ல் அவருக்குச் ‘சிறந்த புதுமுகம்’ என்று கிராமி கொடுத்தார்கள். முதல் ஆல்பம் வந்து நாலரை வருடம் கழித்துப் புதுமுகம்! அந்த வேடிக்கைச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் நானும் தேடிப்பிடித்துக் கேட்டேன். ஆகவே மருமகன் அனுப்பியபோது எனக்கு அது பழைய சிநேகம்.

ஃபேனை நிறுத்துங்கள்

1992 முதல் 1997 வரை நான் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஆட்கள் துண்டுச்சீட்டில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு வருவார்கள். 60 கேசட்டிலோ 90 கேசட்டிலோ பதிந்து கொடுப்போம். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை, இரண்டு டெக், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஸ்பிரிட் பாட்டில், பஞ்சு. முதலாளிக்கு ஒரு விதி உண்டு: லெவல் பார்க்கும்போது ஃபேன் ஓடக் கூடாது. “ஊசி ஆடுறதைக் கண்ணு பார்த்துக்கும்டா, இரைச்சலைக் காதுதான் பார்க்கணும்” என்பார். மே மாதத்தில் அந்த அறைக்குள் ஃபேன் இல்லாமல் நின்றால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது திட்டிக்கொண்டே செய்தேன். இன்றைக்கும் புதிதாக ஓர் ஆல்பம் கேட்க உட்கார்ந்தால் கை தானாக ஃபேன் சுவிட்சுக்குப் போகிறது.

அறைக்குள் உட்கார்ந்து ஒற்றை மைக்கில் பதிந்த ஆல்பங்களுக்கு இது ரொம்பவே அவசியம். ‘ஃப்ளூம்’ என்ற முதல் பாட்டின் நடுவில் வாசிப்பு நின்றுபோய், கம்பியின் அதிர்வும் உரசலும் முனகலும் மட்டும் மிஞ்சுகிற ஓர் இடம் வரும். ஃபேன் காற்றில் அந்த இடம் காணாமல் போய்விடும். முதல் தடவை நான் ஃபேன் ஓடக் கேட்டுவிட்டு, ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து மறுபடி டவுன்லோடு செய்தேன். இரண்டாவது ஃபைலிலும் அதே ‘கோளாறு’.

போனில் கேட்பவர்கள் நாலு காரியம் செய்ய வேண்டும். ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டின் வாலும் அடுத்ததின் தலையும் கலக்கிற கிராஸ்ஃபேடை அணையுங்கள். டேட்டா சேவரை அணையுங்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் ‘இதுபோல’ என்று யாரையாவது பாட வைக்கிறதே ஆட்டோப்ளே, அதைக் கட்டாயம் அணையுங்கள். ஆல்பம் முடிந்த பிறகு வருகிற அரை நிமிட நிசப்தமும் ஆல்பத்தில் சேர்த்திதான். ஈக்வலைசரில் பேஸை ஏற்றி வைத்திருந்தால் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஒயர் போட்ட இயர்போன் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகிப்போகாது.

கதையைப் பூட்டி வையுங்கள்

மருமகன் எழுதிய பக்கத்தில் முக்கால்வாசி பனி. இந்த ஆல்பத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. வெர்னன் வட கரோலினாவில் ராலே நகரத்தில் இருந்தார். கூட வாசித்த பேண்ட் உடைந்தது, காதல் முறிந்தது, உடம்பும் கெட்டது. 2006 கடைசியில் சொந்த மாநிலமான விஸ்கான்சினுக்குத் திரும்பி, காட்டுக்குள் அப்பா கட்டியிருந்த வேட்டைக் குடிலில் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார். ஏறக்குறைய மூன்று மாதம். கையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பழைய கிடார், ஷூர் எஸ்எம்57 என்ற மைக். மேடைகளில் கிடார் ஆம்ப்ளிஃபயர் முன்னால் குனிந்து நிற்குமே, அந்தச் சாதாரண மைக்தான். மாதிரிக்காகப் பதிந்து வைத்ததைக் கேட்ட நண்பர்கள், இதையே வெளியிடு என்று சொல்ல, ஆல்பமாக வந்தது.

நல்ல கதை. அதனால்தான் ஆபத்து. இதைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாப் பாட்டிலும் பனிதான் விழும். நம் காது வேலை செய்யாது, கதைதான் வேலை செய்யும். நான் வாழ்நாளில் பனியைத் தொட்டதில்லை. என் குளிரெல்லாம் டிசம்பரில் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் டீக்கு நின்ற குளிர்தான். மருமகனுக்கு அதுவும் கிடையாது. பிறகு எந்த அனுபவத்தை வைத்து ‘உறையவைக்கும் பனியின் தனிமை’ என்று எழுதுவது?

இதில் அவனைவிடப் பெரிய தப்பு நான் செய்திருக்கிறேன். 2013-ல் நண்பர்கள் நடத்திய ஒரு சின்னப் பத்திரிகையில் இதே ஆல்பத்தைப் பற்றி எழுதினேன். ‘ஆள் அரவமற்ற காட்டில், முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஆள், ஒரே கை’ என்று பெருமையாக ஒரு வரி போட்டிருந்தேன். ரெண்டு மாதம் கழித்து, பேண்ட் வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசிக்கிற ஒருத்தர் முகூர்த்த சீசனுக்கு விசிட்டிங் கார்டு அடிக்கக் கடைக்கு வந்தார். கம்ப்யூட்டரில் எட்டாவது பாட்டு ‘ஃபார் எம்மா’ ஓடிக்கொண்டிருந்தது. புரூஃபைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, “அண்ணே, ரெண்டு பேர் ஊதுறாங்க. ஒண்ணு ட்ரம்பெட். அடியில தவழ்ந்து வருது பாருங்க, அது ட்ரம்போன்” என்றார். இந்தப் பாட்டை அதற்குள் நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஊதல் சத்தம் கேட்டது உண்மை. ஆனால் ‘ஒரே ஆள்’ கதை மண்டைக்குள் உட்கார்ந்திருந்ததால் அது யார் என்று கேட்கத் தோன்றவே இல்லை. அன்று ராத்திரி ஆல்பத்தின் பங்களிப்பாளர் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். ட்ரம்பெட்டுக்கு ஒருவர், ட்ரம்போனுக்கு இன்னொருவர், பெயர் போட்டு இருந்தது. பட்டியல் அஞ்சு வரிதான். அச்சாகிப்போன என் வரியைத் திருத்த வழியில்லை.

ஆகவே வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றுமே படிக்காமல் கேளுங்கள். பத்து வரி எழுதுங்கள். அதன்பிறகு கதையைப் படியுங்கள், பட்டியலையும் படியுங்கள். முதல் பத்து வரியில் தப்பாகப் போனதை மட்டும் திருத்துங்கள். கதை தெரிந்த பிறகு ‘ஆமாம், இது முன்னாலேயே தோன்றியது’ என்று புதிதாக ஒரு வரி சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள்.

மூன்று தடவை

முதல் தடவை கையில் பேனா கூடாது. உட்கார்ந்தோ படுத்தோ, 37 நிமிடமும் நடுவில் எழுந்திருக்காமல் கேட்பது.

இரண்டாவது தடவை பேனா. நான் கணக்கு நோட்டில் பாட்டுக்கு நாலு வரி விட்டு நம்பர் போட்டுக்கொள்வேன். எழுதுவது விமர்சனம் இல்லை, சத்தத்தின் பட்டியல். ‘ஸ்கின்னி லவ்’ பற்றி என் நோட்டில் இருப்பது இது: “கிடாரை வருடவில்லை, அறைகிறார். எல்லாக் கம்பியும் ஒரே சமயத்தில். கீழே காலால் தட்டுவதுபோல் ஒரு அடி. திரும்பத் திரும்ப புத்திமதி சொல்லும் இடத்தில் குரல் கிழிகிறது. அவளிடம் சொல்கிறாரா, கண்ணாடியைப் பார்த்துச் சொல்கிறாரா?” ‘தி வுல்வ்ஸ்’ பற்றி: “ஒரே வரியைப் பத்துப் பேர் வெவ்வேறு உயரத்தில் நின்று சொல்கிறார்கள். பத்தும் இவரே. கடைசியில் பாத்திர அலமாரி சரிந்த மாதிரி. அப்புறம் யாரோ வந்து மெதுவாக அடுக்குகிறார்கள்.” இதில் ஒரு வரிகூட அழகாக இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஆல்பத்தில் ஓர் இடம் உண்டு, விரல் வைத்துக் காட்டலாம்.

இரண்டாவது தடவையில் இன்னொன்றும் செய்வேன், பழைய தொழில் புத்தி. பாட்டின் நீளங்களைக் கூட்டுவேன். 60 கேசட் என்றால் ஒரு பக்கம் 30 நிமிடம். ‘ஃபார் எம்மா’ வரைக்கும் எட்டுப் பாட்டைக் கூட்டினால் 30 நிமிடம் 32 விநாடி வருகிறது. நாடா பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே சுற்றியிருக்கும் என்பதால் துணிந்து பதியலாம், வால் அறுந்தால் வாடிக்கையாளரிடம் திட்டு. அப்படிப் பதிந்தால் ஒன்பதாவது பாட்டான ‘ரீ: ஸ்டாக்ஸ்’ மட்டும் அடுத்த பக்கத்தில் தனியாக நிற்கும். 6 நிமிடம் 41 விநாடி, அதற்குமேல் வெறும் நாடா. இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது: அதுவரை குரல்மேல் குரலாக அடுக்கிக்கொண்டே வந்தவர், கடைசியில் எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு ஒரு கிடாரோடு உட்கார்ந்துவிடுகிறார். ஆல்பத்திலேயே நீளமான பாட்டும் அதுதான். அவசரமே இல்லை. பாட்டுகளைப் பிரித்துப் பிரித்துக் கேட்கிறவருக்கு இது அகப்படாது. அதனால் ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது வரிசையைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள். எது முதலில், எது கடைசியில், எங்கே மூச்சு விடுகிறார்கள் என்பதைப் பாடியவர் யோசித்துத்தான் வைத்திருப்பார்.

மூன்றாவது தடவை வேறு வேலை செய்துகொண்டே கேளுங்கள். நான் பைண்டிங் போடும்போது கேட்பேன். கையை நிறுத்த வைக்கிற இடங்கள் எவை என்று பாருங்கள். எழுத வேண்டிய இடங்கள் அவைதான். எனக்கு மூன்று இடம் வந்தது. ஒன்பது பாட்டையும் பற்றிப் பாட்டுக்கு ஒரு பத்தி என்று எழுதுவது ரேஷன் கார்டு விவரம். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வரிகளுக்கு அர்த்தம் தேடி ஓடாதீர்கள்

மருமகன் பாடல் வரிகளைத் தேடி எடுத்து, தமிழில் பெயர்த்து, அதற்குப் பொழிப்புரையும் எழுதியிருந்தான். ஆங்கிலத்திலேயே பாதி வரி பிடிபடாத பாட்டுகள் இவை. அதற்குக் காரணம் உண்டு. வெர்னன் முதலில் மெட்டைச் சொல்லே இல்லாமல் பாடிப் பதிந்துவிடுவார், வெறும் ஓசைகளாக. அப்புறம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டு, அந்த ஓசைக்குப் பக்கத்தில் என்ன சொல் உட்காரும் என்று தேடி எழுதியிருக்கிறார்.

தமிழ் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் ஊரில் இதற்குத் தத்தகாரம் என்று பெயர் வைத்து எத்தனையோ காலமாகிறது. ‘தன்னன்னா தானன்னா’ என்று மெட்டு வரும், பாடலாசிரியர் அந்த அளவுக்குச் சொல் வைப்பார். ஒரு வித்தியாசம்: நம் சினிமாவில் மெட்டுக்காரர் ஒருவர், சொல்காரர் இன்னொருவர், சூழ்நிலை என்று ஒன்று கையில் இருக்கும். இங்கே இரண்டும் ஒருவரே, சூழ்நிலையும் அவருக்கே சரியாகத் தெரியாது. ஓசையைக் கேட்டுக் கேட்டுத்தான் தனக்கு என்ன வலிக்கிறது என்று கண்டுபிடிக்கிறார். இப்படிப் பிறந்த வரியைப் பொழிப்புரைக்குள் இழுத்தால் கையில் சக்கைதான் வரும். அந்தச் சொல் வாயில் எப்படி உருள்கிறது, எந்த உயிரெழுத்தில் நீள்கிறது, எங்கே தொண்டையில் அடைக்கிறது என்று எழுதுங்கள். மொழி முழுக்கப் புரியாத ஆல்பத்தைப் பற்றி எழுதக் கூச்சப்படுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். புரிந்த அளவுக்கு, கேட்ட அளவுக்கு.

குரலைப் பற்றி எழுதும்போதும் அப்படித்தான். இந்த ஆல்பத்தில் பெரும்பாலும் அவர் தன் இயல்பான குரலை விட்டு மேலே ஏறி மெலிந்த குரலில் பாடுகிறார். கர்நாடக சங்கீதம் சொல்லித்தருகிற வாத்தியார்கள் இதைக் கள்ளக்குரல் என்று அதட்டுவார்கள். மருமகன் ‘தேவதைக் குரல்’ என்று எழுதியிருந்தான். தேவதையை அவனும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. “உனக்குத் தெரிஞ்ச யார் குரல் இப்படி இருக்கும்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ராத்திரி ஹாஸ்டல்ல பக்கத்துல தூங்குறவன் எழுந்திரக் கூடாதுன்னு போன்ல பேசுவோம்ல மாமா, அந்த மாதிரி” என்றான். சத்தத்தை அமுக்கினால் குரல் மேலே ஏறி மெலியும். மிகச் சரி. இதை அவன் எழுதாமல் விட்டிருந்தான்!

உங்களை எங்கே வைப்பது

சொந்த அனுபவம் என்றால் சொந்தக் கதை என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். முதல் காதல், மழை, ஜன்னலோரம் என்று மூன்று பத்தி போய்விட்டு, நாலாவது பத்தியில் ‘அப்போதுதான் இந்த ஆல்பம்...’ என்று வருவார்கள். வேண்டாம். ஆல்பத்தில் ஓர் ஆணி தெரிந்து, உங்களிடம் அதில் மாட்ட ஒன்று இருந்தால் மட்டும் மாட்டுங்கள்.

எனக்கு இருந்தது. போன் ஈவேர் என்பதே நல்ல குளிர்காலம் என்று பொருள் வருகிற பிரெஞ்சு வாழ்த்து. வெர்னன் நோயில் படுத்திருந்தபோது பார்த்த ஒரு தொலைக்காட்சித் தொடரில், முதல் பனி விழுந்த அன்று ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் அப்படி வாழ்த்திக்கொள்வார்களாம். குளிர்காலத்துக்கான பிரெஞ்சுச் சொல்லில் முன்னால் ஓர் எச் உண்டு. அதை அப்படியே எழுதினால் கல்லீரலுக்கான ஆங்கிலச் சொல் மாதிரி கண்ணுக்குத் தெரிகிறது என்று எச்சை எடுத்துவிட்டார். ஏனென்றால் அவருக்கு வந்த நோய் தாக்கியது கல்லீரலை.

இதைப் படித்த அன்று கடையை அரை மணி நேரம் முன்னதாகவே பூட்டிவிட்டேன். 1997 கோடையில் எனக்கு மஞ்சள் காமாலை. வேடசந்தூர் பக்கம் பாட்டி வீட்டில் 40 நாள். டாக்டர் சொன்ன ஓய்வு ஒரு பக்கம், பாட்டி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்த கீழாநெல்லி இன்னொரு பக்கம். எண்ணெய் கிடையாது, காரம் கிடையாது, உப்புகூடப் பேருக்குத்தான். கையில் ஒரு வாக்மேன் இருந்தது, ஒரு வாரத்தில் செல் தீர்ந்துவிட்டது. புதுச் செல் வாங்கிவரச் சொல்ல ஆளில்லை. அதற்கப்புறம் கேட்டதெல்லாம் கோழி, பக்கத்து வீட்டு ஆட்டுக்கல், தோட்டத்துப் பம்புசெட். மோட்டார் ஓடும்போது அந்தத் தாளத்துக்குப் படுத்தபடியே ஏதாவது முனகிக்கொண்டிருப்பேன். சொல் எதுவும் வராது, ஓசைதான். பாட்டி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “பிதற்றுறானா பாடுறானான்னு தெரியலையே” என்பாள். ஊர் திரும்பினால் ரெக்கார்டிங் சென்டரில் என் இடத்தில் வேறொரு பையன் நின்றுகொண்டிருந்தான். முதலாளி மேல் கோபமில்லை. அவரும் எத்தனை நாள்தான் காத்திருப்பார்.

இவ்வளவையும் கட்டுரையில் எழுதலாமா என்றால், இங்கே நான் எழுதியதில் பாதி போதும். ‘பிளைண்ட்சைடட்’ என்ற ஐந்தாவது பாட்டு மெதுவாக நகரும்போது எனக்கு அந்தத் திண்ணையும், பகல் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிந்த வெயிலும் ஞாபகம் வருகிறது என்று எழுதலாம். அது உண்மை, படிப்பதற்கு முன்னாலிருந்தே வந்த ஞாபகம். ஆனால் ‘அவர் குரலில் நோயைக் கேட்டேன்’ என்று எழுதினால் பொய். நான் கேட்கவில்லை. பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். வாசகருக்குக் கண்டுபிடிக்க வழியில்லை என்றாலும் அந்த வரி இடித்துக்கொண்டே இருக்கும்.

குறையையும் சொல்லுங்கள்

தனியாக ஆல்பம் போடுகிறவரைக் குறை சொன்னால் பாவம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். எல்லாவற்றையும் புகழ்ந்தால் எதையும் கேட்கவில்லை என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். ஏழாவதாக வரும் ‘டீம்’ எனக்கு எப்போதும் ஒட்டவில்லை. இரண்டு நிமிடம்கூட இல்லாத வாசிப்பு. ஒரு விசில் வருகிறது, போகிறது. அதற்கு முந்தைய ‘கிரியேச்சர் ஃபியர்’ உரக்க உடைந்து முடிந்த பிறகு அந்த வேகத்தை ஆற்றுவதற்காக வைத்த இடைவேளை என்று புரிகிறது. புரிந்தாலும் கை அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது. குறையை இப்படி இடம் சுட்டிச் சொன்னால் யாருக்கும் வலிக்காது. ‘சில பாடல்கள் சுமார்’ என்பதுதான் வலிக்கும்.

வெட்டுவது

எழுதி முடித்த பிறகு ஒரு ராத்திரி ஆறப்போடுங்கள். காலையில் எடுத்து, வருடும், ஆத்மார்த்தம், மாயாஜாலம், ஏகாந்தம், வேற லெவல் இவற்றைத் தேடி அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில் ஓட்டை தெரியும். அந்த ஓட்டைக்குள் என்ன சத்தம் இருந்தது என்று நோட்டைப் பாருங்கள். மருமகனின் ஒரு வரி: ‘கிடாரின் மெல்லிய இசை நம் மனதை வருடுகிறது.’ நோட்டு எதுவும் அவன் வைத்துக்கொள்ளவில்லை என்பதால் மறுபடி கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு மாற்றி அனுப்பினான்: ‘கம்பியில் விரல் இடம் மாறும்போது கீச்சென்று ஒரு சத்தம். அதை அவர் அழிக்காமல் விட்டிருக்கிறார்.’ முதல் வரிக்கும் இதற்கும் அஞ்சு நிமிடம்தான் இடைவெளி.

நீளம் 400, 500 சொல் போதும். ‘அவரைப் போல, இவரைப் போல’ என்ற ஒப்பீடு ஒன்றுக்குமேல் வேண்டாம். கேட்டிராத ஒருவரை விளக்கக் கேட்டிராத இன்னொருவரைக் கூப்பிடுவதில் என்ன பிரயோஜனம்? கடைசியில் ஆல்பம் எங்கே காசு கொடுத்து வாங்கக் கிடைக்கும் என்று ஒரு வரி சேருங்கள். பேண்ட்கேம்ப் மாதிரி இணைய இசைக் கடையில் வாங்கினால் கட்டணம் கழித்து மீதி பாடியவருக்கே போகும். சின்னக் கலைஞர் என்றால், எழுதியதை அவருக்கே அனுப்பிவைப்பதிலும் தப்பில்லை. இந்த ஆல்பத்துக்கு அந்தத் தேவை இப்போது இல்லை.

மூன்று நாள் கழித்து மருமகனின் இரண்டாவது பிரதி வந்தது. பனி இரண்டே வரியாகக் குறைந்திருந்தது. தொடக்கம் இப்படி: ‘எங்கள் ஹாஸ்டலில் தண்ணீர் மோட்டார் ராத்திரி பதினொன்றரைக்கு நிற்கும். அதற்குமேல்தான் இந்த ஆல்பத்தைக் கேட்க முடியும்.’ இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்தினேன். வேறு கை வைக்கவில்லை. முடிவுப் பத்தியில் மட்டும், ஆல்பத்திலேயே தனக்குப் பிடித்தது ‘டீம்’தான் என்றும், அந்த விசில் தன் ரூம்மேட் துணி துவைக்கும்போது அடிக்கிற விசில் என்றும் எழுதியிருந்தான். போன் செய்தேன்.

“டீமாடா? அதை நான் தள்ளிவிட்டுட்டுல்ல கேட்பேன்.”

“ஃபேனை நிறுத்திட்டுக் கேளுங்க மாமா” என்றான்.